தேதி தாண்டிய பிள்ளை

லப்பைக்குடிக்காட்டில் நான் கிராம சுகாதார நர்ஸாக இருந்த வருஷங்களில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி, "எப்ப பொறக்கும்?" என்பதுதான். காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள்கூட மாத்திரையை முந்தானையில் முடிந்துகொண்டு, மருமகளுக்கு எப்ப என்று கேட்டுவிட்டுத்தான் படியிறங்குவார்கள். நானும் தேதி சொல்லுவேன். சொல்லாமல் என்ன செய்வது? கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் அட்டையில் அதற்கென்று ஒரு கட்டமே அச்சடித்து வைத்திருந்தார்கள். கட்டம் என்று ஒன்று இருந்தால் அதைக் காலியாக விட என் கைக்கு வராது.

கணக்கு ரொம்பச் சுலபம். கடைசி மாதவிலக்கின் முதல் நாளைக் கேட்டு, அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்ட வேண்டும். பயிற்சியில் இதைச் சொல்லிக் கொடுத்த அன்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. ஒரு உயிர் வந்து சேரும் நாளை விரலை மடக்கிச் சொல்லிவிடலாம் என்றால் சும்மாவா.

நான் அப்படி நம்பியதற்கு என் பிறந்த ஊரும் ஒரு காரணம். அரியலூர்ப் பக்கம், சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டி எங்கள் வீடு. அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. வெடி வைக்கும் நேரத்தைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். சங்கு ஊதியதும் அம்மா எழுந்து போய் அலமாரியில் இருக்கும் அடுக்குப் பாத்திரங்களைக் கையால் பிடித்துக்கொள்வாள். சொன்ன நேரத்துக்கு வெடிக்கும், ஜன்னல் கதவு தடதடக்கும், அம்மா கையை எடுத்துவிட்டுக் குழம்பைக் கிளறப் போய்விடுவாள். அறிவியல் என்றால் சொன்ன நேரத்துக்கு நடப்பது என்று அப்போதே மனதில் பதிந்துவிட்டது. வெடியை வைப்பதும் மனிதன்தான், நேரத்தைக் குறிப்பதும் அவன்தான் என்பது உறைக்க எனக்கு ரொம்ப நாளாயிற்று.

லப்பைக்குடிக்காட்டில் பாதி வீடுகளின் ஆண்கள் அரபு நாடுகளில் இருந்தார்கள். வருஷத்துக்கோ இரண்டு வருஷத்துக்கோ ஒருமுறை லீவில் வருவார்கள். நோன்புப் பெருநாளை ஒட்டித்தான் கூட்டம் அதிகம். கார்களின் தலையில் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும், தெருவெல்லாம் அத்தர் மணக்கும். பிறகு ஒவ்வொருவராகக் கிளம்பிப் போவார்கள். அவர்கள் போன ஒன்றிரண்டு மாதத்தில் என் துணை சுகாதார நிலையத்து வாசலில் பெண்கள் வாந்தியும் தலைசுற்றலுமாக வந்து நிற்பார்கள்.

இதை இரண்டு வருஷம் பார்த்த பிறகு எனக்கு ஒரு துணிச்சல் வந்தது. பெருநாள் முடிந்த கையோடு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்த மாதக் கூட்டத்தில், அடுத்த ஆடி ஆவணிக்கு என் பகுதிக்குத் தடுப்பூசியும் சத்து மாத்திரையும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வேண்டும் என்று கேட்டேன். அங்கிருந்த டாக்டரம்மா என்னைவிட வயதில் சின்னவர். இன்னும் ஒருத்திக்குக்கூட நாள் தள்ளவில்லையே, அதற்குள் எப்படித் தெரியும் என்று சிரித்தார். "பிளேன்ல ஆளுங்க வந்து எறங்கியிருக்காங்க டாக்டர்" என்றேன். கூட்டத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். ஆடியில் நான் சொன்னபடியேதான் நடந்தது. அடுத்த வருஷம் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கூடுதலாக அனுப்பிவிட்டார்கள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊருக்கே கணக்குச் சொன்னவளுக்கு ஒருத்திக்குச் சொல்ல முடியாதா என்ற நினைப்பு. டாக்டரம்மா அன்றைக்கே ஒரு வார்த்தை சொன்னார்: "ஊருக்குச் சொல்றது ஈஸி சிஸ்டர். ஒருத்திக்குச் சொல்றதுதான் கஷ்டம்." பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இந்த நேரத்தில்தான் ஒருத்தி, நான் அட்டையில் எழுதிக் கொடுத்த அதே தேதியில், அதே நாளில், பிள்ளை பெற்றுத் தொலைத்தாள். தொலைத்தாள் என்று ஆசையாகத்தான் சொல்கிறேன், என் பெயரைக் கெடுத்தவள் அவள். நான் பார்த்த அத்தனை பெண்களில் தேதி தவறாமல் பெற்றவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் நாலு நாள் முன்னே, ஒரு வாரம் பின்னே. ஆனால் அவள் ஒருத்தியின் கதைதான் ஊர் முழுக்கப் பரவியது. அவள் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து வந்தபோது எனக்கு ஒரு பிஸ்கட் டப்பாவும் தைல பாட்டிலும் கொண்டுவந்து கொடுத்தார். அந்த ஊரில் எந்தத் தேதியைச் சொன்னாலும் கூடவே ஒரு இன்ஷா அல்லாஹ் வரும். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால்கூட இன்ஷா அல்லாஹ் எட்டேகாலுக்கு என்பார்கள். நான் எழுதிக் கொடுக்கும் தேதிக்கு மட்டும் அந்த வார்த்தை வராமல் போயிற்று. அவ்வளவு நம்பிக்கை.

அந்த நம்பிக்கைதான் என்னை ஒரு குடும்பத்தில் கொண்டுபோய் மாட்டிவிட்டது. 2003 அல்லது 2004 ஆக இருக்கும். அவளுக்கு அது இரண்டாவது பிரசவம். வீட்டுக்காரர் சவுதியில் ஒரு கம்பெனியில் ஏசி மெக்கானிக். மூத்தது பெண் குழந்தை, மூன்று வயதை எட்டிக்கொண்டிருந்தது. அது பிறந்தபோது அவர் அங்கே இருந்தார். பிறந்த பிள்ளையின் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடது காதில் தொழுகை தொடங்கும்போது சொல்லும் இகாமத்தும் சொல்வது அவர்கள் வழக்கம், அதைத் தகப்பன் சொன்னால் விசேஷம். அன்றைக்கு அவருடைய தகப்பனார் சொன்னார். பிள்ளையை அவர் முதல்முறை பார்த்தபோது அதற்கு ஒரு வயது தாண்டிவிட்டது, அவர் கையை நீட்டியதும் அலறிக்கொண்டு ஓடியது. அத்தா எங்கே என்று கேட்டால் டெலிபோனைக் கை காட்டும். போனில் முத்தம் கொடுக்கும். போனுக்குள் இருந்த ஆள் நேரில் வந்து நின்றால் யாரோ என்று பார்க்கும். அடுத்த லீவில் வந்தபோது அவர் கிளம்புவதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் மடியில் ஏறியதாம். அந்த லீவில்தான் இரண்டாவது தங்கியது.

"இந்தப் பிள்ளைக்கு நான்தான் பாங்கு சொல்லணும்" என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஒருநாள் நான் அந்தத் தெருவில் குழந்தைகளுக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். போனில் சவுதி. தேதி உறுதிதானா என்று கேட்டார். கணக்குப்படி அதுதான், முன்னப்பின்ன ஆகலாம் என்றேன். முன்னப்பின்ன என்பதை நம் ஊரில் எதற்குத்தான் சொல்லவில்லை? எத்தனை நாள் முன்னே, எத்தனை நாள் பின்னே என்று அவர் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. அவர் அதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு லீவுக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

வருஷ லீவு ஏற்கெனவே முடிந்துவிட்டதால் கம்பெனி இரண்டு வாரம்தான் கொடுத்தது. அந்த இரண்டு வாரத்தின் நட்டநடுவில் என் தேதியை வைத்தார். முதல் வாரம் காத்திருப்பது, தேதியன்று பிள்ளை பிறப்பது, ஏழாம் நாள் முடியிறக்கிப் பெயர் வைத்து அகீகா விருந்து கொடுப்பது, மறுநாள் விமானம். இவ்வளவையும் சவுதியில் உட்கார்ந்தபடியே முடிவு செய்து, பிரியாணி மாஸ்டருக்கு நாள் சொல்லி, கிடாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். பையன் என்றால் இரண்டு கிடா, பெண் என்றால் ஒன்று. ஒன்றா இரண்டா என்பதை மட்டும் ஸ்கேனில் பார்த்துச் சொல்லிவிடச் சொல்லி அவர் அம்மா என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதைச் சொல்வது சட்டப்படி குற்றம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தெரிந்துகொள்ள முடிந்ததைச் சொல்லக் கூடாது, தெரிந்துகொள்ள முடியாததைச் சொல்லியே ஆக வேண்டும். என் உத்தியோகம் அந்த லட்சணத்தில் இருந்தது.

சொன்னபடி வந்து இறங்கினார். மெலிந்த ஆள், பேசும்போது தரையைப் பார்த்துப் பேசுவார். மூத்த பெண் அவரைக் கண்டதும் அம்மாவின் முந்தானைக்குள் போய்விட்டாள், பழையபடி. முதல் வாரம் போயிற்று. தேதி வந்தது. அன்றைக்குக் காலையிலிருந்து அந்த வீட்டில் அடுப்பில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்ததாம். நானும் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருந்தது.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. டீக்கடையில் என் தலை தெரிந்ததும் பேச்சு நின்றது. நர்ஸம்மா கணக்கு தப்பாப் போச்சாமே என்று ஒருவர் கேட்க, கணக்கு சரிதான், பிள்ளைக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்றேன். சிரித்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. அன்று மத்தியானம் பிரியாணி மாஸ்டரே துணை நிலையத்துக்கு வந்துவிட்டார். விருந்துக்குக் குறித்த நாளில் உடையார்பாளையத்தில் ஒரு கல்யாண ஆர்டர் வந்திருக்கிறது, அதைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்டார். "போயி அந்தப் புள்ளைக்கிட்டக் கேளுங்க" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அவர் பிழைப்பு அவருக்கு. பிறகு கூப்பிட்டு, கல்யாணத்தையே பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அடுத்ததாக மாமியார் வந்தார். மகன் போகிறதுக்குள் ஒரு டாக்டரிடம் காட்டி ஆபரேஷன் செய்தாவது எடுத்துவிடலாமே, எத்தனை பேர் நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்கிறார்கள் என்றார். எனக்குச் சுருக்கென்றது. முதல் பிள்ளையைச் சுகமாகப் பெற்றவள், தாயும் சேயும் நன்றாக இருக்கிறார்கள், எதற்குக் கத்தி? ஆனால் அந்த அம்மாவைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. மகன் தலைகுனிந்து திரும்பிப் போவதை இன்னொரு தடவை பார்க்க அவருக்குத் தெம்பில்லை. நான் உள்ளே போய் மருமகளைப் பரிசோதித்தேன். வயிற்றில் கை வைத்துக்கொண்டிருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள்: "அவங்க கூட இருக்கணும்னு எனக்கும் ஆசதான் நர்ஸம்மா. அதுக்காக டிக்கெட்டுக்குத் தேதி பாத்து என் வயித்தக் கிழிக்கணுமா?"

அன்று சாயங்காலம் அவரே வந்தார். ஆடிக் காற்றில் துணை நிலையத்துக் கதவு அடித்துக்கொண்டே இருந்தது, அதற்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஊசி போட்டு வலி வரவைப்பார்களாமே என்று ஆரம்பித்தார். தேவைப்பட்டால் செய்வார்கள், இப்போது தேவை வரவில்லை என்றேன். அவர் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. வேறொன்று கேட்டார். கம்பெனியில் நாள் நீட்டித்துக் கேட்கலாம், ஆனால் ஒருமுறைதான் கேட்க முடியும். கொஞ்சமாகக் கேட்டால் அதற்குள் பிறக்காமல் போய்விடும். அதிகம் கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கொடுத்த நாளில் போய் நிற்காவிட்டால் வேலை இருக்காது.

"எத்தன நாளு கேக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

இத்தனை நாள் ஊருக்கெல்லாம் தேதி சொன்ன வாய் அன்றைக்குத் திறக்க மறுத்தது. நாலு நாள் என்று சொல்லி அதற்குள் பிறக்காவிட்டால்? இந்த ஆள் வேலையை இழந்தோ பிள்ளையைப் பார்க்காமலோ நிற்பாரே என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். அது பொய்யும் இல்லை. ஆனால் தெரியாது என்று சொல்லி அனுப்புவதற்கா அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது?

அப்போதுதான் நான் அந்தத் தேதியை வேறு மாதிரி பார்த்தேன். பிள்ளை எந்த நாளில் பிறக்கும் என்று அது சொல்லாது. ஆனால் எந்த நாளுக்கு மேல் பிள்ளையை உள்ளே விட்டுவைப்பது ஆபத்து என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும். தேதி தாண்டி ஒரு வாரம் ஆகிவிட்டால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பார்த்தே ஆக வேண்டும். பத்து நாளுக்கு மேல் எந்த டாக்டரும் பார்த்துக்கொண்டு இருக்க மாட்டார். தானாக வலி வந்தாலும் சரி, அவர்கள் வரவைத்தாலும் சரி, அதற்குள் பிள்ளை வெளியே வந்தாக வேண்டும். இது ஜோசியம் இல்லை. நாங்கள் செய்யப்போகிற காரியம்.

"பொறக்குற நாள என்னால சொல்ல முடியாது தம்பி" என்றேன். "ஆனா எதுவரைக்கும் உட்டுவெப்பாங்கன்னு சொல்ல முடியும். தேதியில இருந்து பத்து நாளு. அதுக்கு மேல ஒரு நாளு சேத்துக் கேளுங்க."

"அதுக்குள்ள நிச்சயமா?"

"அதுக்குள்ள நிச்சயம்."

அவருக்கு மேலே இருந்த சூப்பர்வைசர் ஒரு மலையாளி. மறுநாள் போனில் அவர் கத்தியது தெருவுக்கே கேட்டதாம். சம்பளம் பிடிப்போம், அந்த நாளுக்கு மேல் ஒரு நாள் தாமதித்தாலும் திரும்பி வரவே வேண்டாம் என்ற நிபந்தனையில் கொடுத்தார்கள். டிக்கெட்டை மாற்றினார். இவ்வளவும் என் ஒரு 'நிச்சய'த்தை நம்பி. எனக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை. மற்ற தெருக்களுக்குப் போக வேண்டிய வேலைகளை முடித்துக்கொண்டு, எந்த வழியாகப் போனாலும் அந்த வீட்டில் போய் நின்றேன். துடிப்பைக் கேட்பேன், பிள்ளை எத்தனை தடவை அசைந்தது என்று கேட்பேன். அசைவை எண்ணச் சொல்லி அவருக்கு வேலை கொடுத்திருந்தேன். அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து புளியங்கொட்டையை ஒவ்வொன்றாகத் தட்டில் போட்டுக்கொண்டிருப்பார். மூத்த பெண் எட்ட நின்று அந்தக் கொட்டைகளைப் பார்ப்பாள். ஒருநாள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

தேதி தாண்டி ஒரு வாரம் ஆன அன்று காலை நான் விடியும்போதே போய்விட்டேன். மாமியாருக்குத் தயக்கம். அவளுக்கு வலி இல்லை, நடக்கிறாள், சாப்பிடுகிறாள், எதற்கு ஆஸ்பத்திரி என்றார். சில நாட்களுக்கு முன் கத்தி வைக்கச் சொன்னவர் அதே அம்மாதான். நான் விடவில்லை. ஒரு அம்பாசடரைப் பிடித்து எல்லோரும் ஏறினோம். மூத்த பெண்ணும் அம்மாவை விடமாட்டேன் என்று அழுததால் அவளும் ஏறினாள். நேராகப் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் நிமிர்ந்து, பிள்ளையைச் சுற்றியுள்ள நீர் குறைந்துவிட்டது, இனிமேல் காத்திருக்க வேண்டாம், இன்றைக்கே வலி வரவைத்துவிடலாம் என்றார். பிள்ளைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை, சரியான நாளில் வந்திருக்கிறீர்கள் என்றும் சொன்னார். அட்டையில் அந்தத் தேதி மட்டும் இல்லாதிருந்தால், எல்லோரும் இன்னும் நாள் இருக்கிறது, நாள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டிலேயே இருந்திருப்போம். அவளுக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. உள்ளே பிள்ளைக்கு மட்டும் நீர் குறைந்துகொண்டே போயிருக்கும். டீக்கடையில் தப்பாய்ப் போனதாகச் சொன்ன அதே தேதிதான் எங்களை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. அது தப்பாய்ப் போனதால்தான் ஏதோ கவனிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நான் தேதி சொல்லும் விதத்தை மாற்றிக்கொண்டேன். கட்டத்தை நிரப்புவேன், ஆனால் அதோடு நிறுத்த மாட்டேன். இந்த நாளுக்கு இரண்டு வாரம் முன்னாலிருந்து தனியாக எங்கேயும் போகாதே, கார்காரர் நம்பரை எழுதி வை, இந்த நாள் தாண்டி ஒரு வாரம் ஆனால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னிடம் வா என்று சொல்லுவேன். சில மாமியார்கள், முன்னே இருந்த மாதிரி பளிச்சென்று நர்ஸம்மா இப்போ சொல்வதில்லை என்று குறைபட்டுக்கொண்டார்கள். குறைபடட்டும். என்னை நம்பி யாரும் பிரியாணிக்கு நாள் குறிக்காமல் இருந்தால் போதும்.

பெரம்பலூரில் அன்றைக்கு மத்தியானத்துக்கு முன்பே வலி வர டிரிப் ஏற்றினார்கள். நான் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தேன். பிரசவ வார்டுக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு. அதன் ஒரு முனையில் அவர், மறு முனையில் பாட்டியை ஒட்டிக்கொண்டு மூத்த பெண். நான் வெளியே வரும்போதெல்லாம் அவர் எழுந்து நிற்பார், ஒன்றும் கேட்க மாட்டார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டால் என்ன சொல்வது என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவருக்கும் அது புரிந்திருக்க வேண்டும். ஒரு தடவை நானே, "நல்லா போயிட்டிருக்கு தம்பி, உக்காருங்க" என்றேன். தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்த நேரத்தில் பிறந்தது. பெண். பிறந்ததும் அழுத அழுகையில் எனக்கு ஒரு வாரமாக இறங்காத சோறெல்லாம் இறங்கியது போல இருந்தது. பெற்றவள் தலையைத் திருப்பி முதலில் கேட்டது, "அவங்க இருக்காங்களா?" என்றுதான். இருக்காங்க என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள், மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

பிள்ளையைத் துடைத்துத் துணியில் சுற்றி நான்தான் வெளியே எடுத்துக்கொண்டு போனேன். பெண் என்றதும் மாமியார் துணியை விலக்கிப் பார்த்துவிட்டு அல்ஹம்துலில்லா என்றார். ஒரு கிடா உயிர் பிழைத்தது. மகன் அதற்குள் குழாயடிக்குப் போய் முகம் கை கால் கழுவி, தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு மேற்குப் பக்கம் திரும்பி நின்று, வலது காதருகே குனிந்து பாங்கு சொல்ல ஆரம்பித்தார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் எத்தனையோ வருஷமாக நான் கேட்ட அதே வார்த்தைகள்தான், ஆனால் இவ்வளவு சின்னக் குரலில் கேட்டதில்லை. நடுவில் ஒரு இடத்தில் நின்று, மூச்சை வாங்கிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து சொன்னார். பிறகு பிள்ளையை மெல்லத் திருப்பி இடது காதில் இகாமத் சொன்னார். இன்னும் மூன்று நாளில் அவர் சென்னைக்குக் கார் ஏற வேண்டும். அகீகாவுக்கு இருக்க மாட்டார்.

அந்த நாளில் என்னவெல்லாம் நடக்கும் என்று என்னைக் கேட்டிருந்தால் நான் பத்து விஷயம் சொல்லியிருப்பேன். நல்லதும் கெட்டதுமாக எல்லாவற்றையும் அந்த வாரம் முழுக்க யோசித்து வைத்திருந்தவள் நான். அடுத்து நடந்தது அதில் எதிலும் இல்லை.

பெஞ்சின் மறு முனையில் இருந்த மூத்த பெண் இறங்கி நடந்து வந்தாள். பாட்டி கூப்பிட்டதைக் காதில் வாங்கவில்லை. அவருக்கு முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"பாப்பா காதுல என்னா சொன்னீங்க?"

நானறிந்து அந்தப் பெண் அவரிடம் நேரில் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"எனக்கு?" என்றாள்.

அவள் பிறந்த அன்றைக்கே அவளுடைய தாத்தா சொல்லிவிட்டாரே என்று மாமியார் சொல்ல வந்தார். மகனின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டு கையை நீட்டினார். அவர் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சிமெண்டுத் தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். அவள் தலைமுடியைத் தானே ஒதுக்கிக் காதைக் காட்டினாள். அவர் முதல் வார்த்தையிலிருந்து முழுவதையும், ஒன்றும் விடாமல், அவசரப்படாமல் சொன்னார். கூச்சத்தில் அவள் தோள் மேலே ஏறியது, ஆனால் நகரவில்லை. முடிந்ததும் அவர் எழப் பார்த்தார். அவள் அவர் சட்டையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தலையைத் திருப்பி அடுத்த காதைக் காட்டினாள்.